லோட் டெஸ்டில் சுருக்கி வரும் ரெஸ்பான்ஸ்களைக் கையாள்வது எப்படி

லோட் டெஸ்ட் (பல பயனர்கள் ஒரே நேரத்தில் வருவதுபோல் சர்வரை அழுத்திப் பார்க்கும் சோதனை) முடிந்து பிழை 0% என்று அறிக்கை வந்தால், நான் முதலில் திறப்பது வரைபடங்களை இல்லை, ஏதாவது ஒரு ரெஸ்பான்ஸின் பாடியை, அதாவது சர்வர் திருப்பி அனுப்பிய உள்ளடக்கத்தைத்தான். இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. ஒரு திட்டத்தில் பிரவுசரிலிருந்து ஹெட்டர்களை (ரெக்வெஸ்ட்டோடு போகும் குறிப்பு வரிகளை) அப்படியே நகலெடுத்து ஸ்கிரிப்ட்டில் ஒட்டினேன், பக்கத்தில் "பிழை" என்ற சொல் வரக் கூடாது என்று ஒரு சரிபார்ப்பும் போட்டேன், ஓட விட்டேன். எல்லாம் பச்சை. உண்மையில் சர்வர் ஒவ்வொரு முறையும் "உள்நுழைவு காலாவதியானது, பிழை" என்ற பக்கத்தைத்தான் 200 என்ற நிலைக் குறியோடு அனுப்பிக்கொண்டிருந்தது. அது சுருக்கப்பட்டு வந்தது, என் கருவி அதை விரிக்கவில்லை, அந்தப் பைட் குவியலுக்குள் நான் தேடிய சொல் கிடைக்கவில்லை, அதனால் சோதனை தேறிவிட்டது. அந்தப் பக்கம் மிகச் சிறியது என்பதால் வேகமும் பிரமாதமாக இருந்தது.

சுருக்கம் என்பது ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் முடிந்துவிடும் சின்ன விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது சோதனையின் நான்கு இடங்களைத் தொடுகிறது: சர்வரின் சிபியு, நெட்வொர்க்கில் போகும் அளவு, லோட் அனுப்பும் மெஷினின் சிபியு, பிறகு உங்கள் சரிபார்ப்புகள். ஒன்றில் பிசகினாலும் முடிவு தவறாகும், அதுவும் சத்தமில்லாமல் தவறாகும்.

அடிப்படை, சுருக்கமாக

கிளையண்ட் தன் ரெக்வெஸ்ட்டில் அக்செப்ட்-என்கோடிங் என்னும் ஹெட்டரில் தனக்கு விரிக்கத் தெரிந்த முறைகளைச் சொல்லும். சர்வர் அதில் ஒன்றை எடுத்துச் சுருக்கி, எதை எடுத்தது என்பதை கன்டென்ட்-என்கோடிங் ஹெட்டரில் எழுதும். இன்று புழக்கத்தில் உள்ளவை ஜிஸிப், டிஃப்ளேட், ப்ரோட்லி, ஸீஸ்டாண்டர்ட். ஜிஸிப் வடிவம் 1996-லேயே ஆர்எஃப்சி 1952 என்ற இணைய விதி ஆவணமாக எழுதப்பட்டது. ப்ரோட்லி 2016-ல் ஆர்எஃப்சி 7932, ஸீஸ்டாண்டர்ட் 2021-ல் ஆர்எஃப்சி 8878. ஹெட்டரில் ப்ரோட்லிக்கு பி, ஆர் என்ற இரண்டு எழுத்து மட்டும்தான் வரும். எதையும் சுருக்காமல் அனுப்பு என்று சொல்ல ஐடென்டிட்டி என்ற சொல் இருக்கிறது.

அந்த ஹெட்டரே இல்லாமல் ரெக்வெஸ்ட் போனால்? இப்போதைய ஹெச்டிடிபி விதிப்படி, அதாவது 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110-ன்படி, எந்த முறையில் சுருக்கி அனுப்பினாலும் கிளையண்டுக்குச் சம்மதம் என்றுதான் பொருள். நடைமுறையில் பெரும்பாலான சர்வர்கள் சுருக்காமல் அனுப்பிவிடும். லோட் டெஸ்ட் செய்பவருக்கு முதல் பள்ளம் இங்கேதான். பல கருவிகள் இந்த ஹெட்டரைத் தாமாக அனுப்புவதில்லை. நீங்கள் சேர்க்காவிட்டால், உங்கள் பயனர்கள் யாருமே பார்க்காத ஒரு தளத்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜேசான் (தரவை உரையாக அனுப்பும் வடிவம்) ரெஸ்பான்ஸ் 200 கேபி, நொடிக்கு 1000 ரெக்வெஸ்ட். சுருக்காமல் வந்தால் நொடிக்கு 200 எம்பி, அதாவது 1.6 ஜிகாபிட். லோட் மெஷினில் இருப்பது 1 ஜிகாபிட் இணைப்பு என்றால் அது அங்கேயே முட்டி நிற்கும், நீங்களோ சர்வர் மெதுவாக இருக்கிறது என்று எழுதி அனுப்புவீர்கள். அதே ரெஸ்பான்ஸ் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கினால் நொடிக்கு 25 எம்பி, 200 மெகாபிட்தான். இணைப்பு தாராளமாகத் தாங்கும். ஆனால் இப்போது சர்வர் நொடிக்கு ஆயிரம் முறை சுருக்கும் வேலையைச் செய்கிறது. நெருக்கடி நெட்வொர்க்கிலிருந்து சிபியுவுக்கு மாறிவிட்டது. இரண்டும் இரண்டு வேறு சோதனைகள்.

முதலில் உங்கள் பயனர்கள் என்ன அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்

ஊகிக்க வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் அக்செப்ட்-என்கோடிங் என்ன என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். குரோம் 123-ம் பதிப்பிலிருந்து, 2024 முதல், ஸீஸ்டாண்டர்டையும் சேர்த்து நான்கையும் அனுப்புகிறது. ஆனால் இது ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும். சாதாரண ஹெச்டிடிபியில் பிரவுசர்கள் ஜிஸிப், டிஃப்ளேட் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். டெஸ்ட் சூழலுக்குச் சான்றிதழ் போடாமல் வெறும் ஹெச்டிடிபியில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: பிரவுசரில் அங்கே பார்த்து எடுத்த ஹெட்டரை வைத்து எழுதினால் ப்ரோட்லி பக்கமே போகாத சோதனைதான் கிடைக்கும்.

மொபைல் ஆப் கதை வேறு. ஆண்ட்ராய்டில் பரவலாக உள்ள ஓகேஹெச்டிடிபி நூலகம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஜிஸிப் மட்டும் கேட்கும். ஆகவே வெப் பயனர்களுக்கு ப்ரோட்லியும் ஆப் பயனர்களுக்கு ஜிஸிப்பும் போகிறது என்றால், ஸ்கிரிப்ட்டிலும் அந்தக் கலவை இருக்க வேண்டும். சர்வர் பதிவில் (லாக்) இந்த ஹெட்டர் வழக்கமாக இருக்காது. எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இயல்பான பதிவு வடிவத்தில் அது கிடையாது, ஒரு நாள் மட்டும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே ஜிஸிப் ரேஷியோ என்ற மாறியையும் சேர்க்கச் சொன்னால், உண்மையான தரவு எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த எண் பின்னால் மிகவும் உதவும்.

ஒரே ஒரு ரெக்வெஸ்ட்டைக் கையால் அனுப்புங்கள்

எந்தக் கருவியைத் திறப்பதற்கு முன்பும் கர்ல் கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள். ஒருமுறை ஐடென்டிட்டி என்று கேட்டு, மறுமுறை உண்மையான ஹெட்டரோடு. இரண்டு பாடிகளையும் தனித்தனிக் கோப்பில் சேமித்து, ரெஸ்பான்ஸ் ஹெட்டர்களை வேறு கோப்பில் வைத்து, பாடிகளின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்லில் கம்ப்ரெஸ்டு என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அது ஹெட்டரையும் அனுப்பும், வந்ததை விரித்தும் கொடுக்கும். ஹெட்டரை நீங்களே கையால் எழுதினால் விரிக்காமல் மூலப் பைட்டுகளை அப்படியே தரும். நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது வழி. சுருக்கி வந்த கோப்பின் அளவுதான் கம்பி வழியே போகும் பாடியின் அளவு.

அந்தக் கோப்பின் முதல் பைட்டுகளைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு எந்தக் கருவியின் குப்பைப் பாடியைப் பார்த்தாலும் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். ஜிஸிப் என்றால் முதல் இரண்டு பைட்டுகள் தசம எண்ணில் 31, 139. ஸீஸ்டாண்டர்ட் என்றால் 40, 181, 47, 253. டிஃப்ளேட் பெரும்பாலும் 120-ல் தொடங்கும். ப்ரோட்லிக்கு இப்படி ஓர் அடையாளம் கிடையாது, ஹெட்டரை நம்பித்தான் ஆக வேண்டும். 239, 191, 189 என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால், நடுவில் யாரோ அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8 எழுத்தாக மாற்றப் பார்த்து, மாறாதவற்றுக்குப் பதிலாக வைரத்துக்குள் கேள்விக்குறி இருக்கும் மாற்று எழுத்தைப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். அதன் பிறகு அதை எந்த வழியிலும் விரிக்க முடியாது. மூலப் பைட்டுகளை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

கருவிக்குக் கருவி நடத்தை வேறு

ஜேமீட்டரில் ஹெச்டிடிபி ஹெட்டர் மேனேஜரைச் சேர்த்து அக்செப்ட்-என்கோடிங் எழுதினால்தான் அது போகும், தானாகப் போகாது. ரெஸ்பான்ஸ் வந்ததும் ஜிஸிப், டிஃப்ளேட், ப்ரோட்லி மூன்றையும் அதுவே விரிக்கும், முடிவுகளைக் காட்டும் ரிசல்ட்ஸ் ட்ரீயில் விரித்த உரைதான் தெரியும். ஸீஸ்டாண்டர்ட் மட்டும் ஆகாது. புதிய குரோமில் நகலெடுத்த ஹெட்டரை ஒட்டும்போது வரும் சிக்கலே இதுதான்: சர்வருக்கு ஸீஸ்டாண்டர்ட் தெரிந்திருந்தால் அதை அனுப்பிவிடும், பாடியிலிருந்து மதிப்பை எடுக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்ட்ராக்டர், அடுத்த ரெக்வெஸ்ட்டுக்குத் தேவையான அடையாளச் சீட்டான டோக்கனைக் கண்டுபிடிக்காது, அடுத்த ரெக்வெஸ்ட்டுகள் எல்லாம் 403-ல் (அனுமதி இல்லை) விழும், நீங்கள் உள்நுழைவில் ஏதோ கோளாறு என்று அரை நாள் தேடுவீர்கள். அந்த ஒரு சொல்லை ஹெட்டரிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கே6-ம் ஹெட்டரைத் தானாக அனுப்பாது. நீங்கள் அனுப்பினால், வருவது நான்கில் எதுவாக இருந்தாலும் விரித்துக் கொடுக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ரெஸ்பான்ஸ் பாடிகளை எறிந்துவிடு என்று சொல்லும் விருப்பம். அதைப் போட்டால் பாடியை முழுதாக வாங்கிக்கொள்ளும், ஆனால் நினைவகத்தில் வைக்காது, விரிக்கவும் செய்யாது. பாடி தேவைப்படும் ரெக்வெஸ்ட்டில் மட்டும் ரெஸ்பான்ஸ் டைப் உரை என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

லோகஸ்ட் இதற்கு நேர்மாறு. அது பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் மேல் நிற்பதால் ஜிஸிப், டிஃப்ளேட் இரண்டையும் கேட்காமலே அனுப்பிவிடும். ப்ரோட்லிக்கான நூலகம் அந்த மெஷினில் நிறுவப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பும். இதன் விளைவை யோசியுங்கள்: ஒரே ஸ்கிரிப்ட் உங்கள் லேப்டாப்பில் ப்ரோட்லி கேட்கும், கன்டெய்னருக்குள் ஜிஸிப் கேட்கும். இரண்டு ஓட்டங்களின் எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று குழம்புவதைவிட, ஸ்கிரிப்ட்டில் ஹெட்டரை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன், இயல்பு மதிப்பை நம்பாதீர்கள். கேட்லிங்கில் புரோட்டோகால் அமைப்பில் இதற்கென்றே ஒரு மெத்தட் இருக்கிறது, ஒரு வரியில் முடிந்துவிடும்.

டபிள்யூஆர்கே ஹெட்டர் கொடுத்தால் அனுப்பும், வந்ததை விரிக்காது, எண்ணிக்கொண்டு தூக்கிப் போடும். சர்வரை வெறுமனே அழுத்திப் பார்க்க அது நல்லது, உள்ளே என்ன வந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அப்பாச்சி பெஞ்ச் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைக்குப் பழகிய கருவி என்று இன்னும் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அது பேசுவது ஹெச்டிடிபி 1.0. எஞ்சின்எக்ஸோ, இயல்பு அமைப்பில், 1.1-க்குக் குறைந்தவர்களுக்கு ஜிஸிப் செய்யாது. நீங்கள் ஹெட்டரைச் சரியாகவே எழுதியிருந்தாலும் சுருக்காத ரெஸ்பான்ஸ்தான் வரும், அறிக்கையில் அதற்கு ஒரு எச்சரிக்கையும் இருக்காது. சுருக்கி அனுப்பும் சர்வராக இருந்தால் வேறு தொல்லை: அப்பாச்சி பெஞ்ச் முதல் ரெஸ்பான்ஸின் நீளத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வருவதில் நீளம் ஒரு பைட் மாறினாலும் தோல்வி என்று எண்ணும். பக்கத்தில் நேரமோ டோக்கனோ மாறினால் விரித்த நீளம் ஒன்றாக இருந்தாலும் சுருக்கிய நீளம் மாறும். பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோவில் 4.2-லிருந்து ஜிஸிப் மிடில்வேர், சுருக்கிய நீளத்தை வைத்து ரகசியத்தை ஊகிக்கும் ப்ரீச் என்ற தாக்குதலைத் தடுக்க, ஒவ்வொரு ரெஸ்பான்ஸிலும் 100 வரையிலான சீரற்ற எண்ணிக்கையில் பைட்டுகளைச் சேர்க்கிறது. அங்கே ஏறக்குறைய எல்லா ரெக்வெஸ்ட்டும் தோல்வி என்றுதான் காட்டும். நீளம் மாறினால் பரவாயில்லை என்று சொல்லும் விருப்பம் அதில் இருக்கிறது, எல் என்ற எழுத்து, அதைக் கொடுங்கள்.

சொந்தமாகக் கோ மொழியில் சின்னதாக ஒரு கருவி எழுதியவர்களுக்கு ஒன்று. நீங்கள் அந்த ஹெட்டரைத் தொடாவிட்டால் கோவின் ஹெச்டிடிபி நூலகம் தானே ஜிஸிப் கேட்டு, தானே விரித்து, கன்டென்ட்-என்கோடிங், கன்டென்ட்-லெங்த் இரண்டையும் ரெஸ்பான்ஸிலிருந்து நீக்கிவிடும். சுருக்கி வந்ததா என்று ஹெட்டரைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றும். நீங்களே ஹெட்டரை எழுதிவிட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும், விரிப்பது உங்கள் பொறுப்பு. ஜாவாவோடு வரும் ஹெச்டிடிபி கிளையண்ட் எப்போதுமே விரிக்காது.

சரிபார்ப்புகளை எழுதும் விதம்

"இந்தச் சொல் இருக்கக் கூடாது" என்ற சரிபார்ப்பு தனியாக நிற்கக் கூடாது. விரிக்கப்படாத பாடியும் காலிப் பாடியும் அதில் தேறிவிடும். சரியான பக்கத்தில் மட்டுமே வரும் ஒரு சொல்லோ ஜேசான் புலமோ இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்று போடுங்கள். அது இருந்தால் விரிப்பது நின்றுபோன நொடியே சிவப்பாகிவிடும்.

அப்புறம், கன்டென்ட்-என்கோடிங் ஹெட்டரையே ஒரு சரிபார்ப்பாக வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்து பாருங்கள், பலன் தெரியும். ரெக்வெஸ்ட்டுகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் ஆறு சர்வர்கள் இருந்து, அதில் ஒன்றில் மட்டும் சுருக்கம் அணைந்திருந்தால், கையால் ஒருமுறை சோதித்ததில் அது தெரியாமல் போகலாம். முழு ஓட்டத்திலும் எண்ணினால் ஆறில் ஒரு பங்கு ரெஸ்பான்ஸ் சுருக்காமல் வருகிறது என்று பளிச்சென்று தெரியும். சுமை ஏறும்போது புதிதாக எழும்பும் சர்வர்களில் பழைய அமைப்பு இருப்பதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். பாடி இல்லாத 204, 304 ரெஸ்பான்ஸ்களை மட்டும் இந்தச் சரிபார்ப்பிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அளவு எண்களைப் படிக்கும்போது

ஒரே சர்வரை இரண்டு கருவிகளால் சோதித்து, சராசரி அளவு ஒன்றில் 25 கேபி, மற்றதில் 200 கேபி என்று வந்தால் பதற வேண்டாம். ஜேமீட்டர் காட்டுவது நெட்வொர்க்கில் வந்த அளவு. கே6-ன் டேட்டா ரிசீவ்டு எண்ணும் இணைப்பின் மட்டத்தில் எண்ணியது. லோகஸ்ட்டின் சராசரி அளவு என்ற பத்தியில் இருப்பது விரித்த பிறகான நீளம். லோகஸ்ட்டின் எண்ணை எடுத்து அதை நொடிக்கான ரெக்வெஸ்ட்டால் பெருக்கி, இவ்வளவு பேண்ட்வித் வேண்டும் என்று திட்டக் குழுவிடம் கொடுத்துவிடாதீர்கள், பல மடங்கு கூடுதலாக இருக்கும். பேண்ட்வித் கணக்குக்குச் சர்வர் பக்கமோ சிடிஎன் (பயனருக்கு அருகிலிருந்து பிரதிகளை வழங்கும் சர்வர் வலை) பக்கமோ பதிவான பைட்டுகளையே எடுங்கள்.

கன்டென்ட்-லெங்த் எப்போதும் சுருக்கிய அளவைத்தான் சொல்லும். அந்தந்த நேரத்தில் சுருக்கி அனுப்பும்போது மொத்த நீளம் முன்கூட்டித் தெரியாது என்பதால் பல சர்வர்கள் அந்த ஹெட்டரையே விட்டுவிட்டுத் துண்டு துண்டாக அனுப்பும்.

லோட் அனுப்பும் மெஷின் தாங்குகிறதா

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. விரிப்பது சுருக்குவதைவிட மலிவான வேலைதான், ஆனால் சுருக்கும் வேலை பல சர்வர்களிடையே பிரிந்திருக்கிறது, விரிப்பதோ ஒன்றிரண்டு லோட் மெஷின்களில் குவிகிறது. மேலே சொன்ன கணக்கில் நெட்வொர்க்கில் நொடிக்கு 25 எம்பிதான் வருகிறது என்றாலும், விரித்த பிறகு மெஷின் நொடிக்கு 200 எம்பி உரையை நினைவகத்தில் போட்டு, அதன் மேல் ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஓட்டி, பயன்பட்டு முடிந்த நினைவகக் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறது. லோகஸ்ட்டில் ஒரு பிராசஸ் ஒரே ஒரு சிபியு கோரில்தான் ஓடும். ஒரு பயனரின் ரெஸ்பான்ஸை விரிக்கும் நேரத்தில் மற்ற பயனர்கள் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பும் விரிக்கும் நேரமும் அளவிடப்பட்ட மறுமொழி நேரத்துக்குள் போய்ச் சேரும். சர்வர் செய்யாத தாமதத்துக்குச் சர்வர் பழி சுமக்கும்.

கண்டுபிடிக்க ஒரு நேரான வழி உண்டு. முழுச் சுமையை ஒரு மெஷின் குழுவிலிருந்து அனுப்புங்கள். அதே நேரத்தில் தனியாக ஒரு மெஷினிலிருந்து ஒரே ஒரு பயனர், நிதானமாக, அதே ரெக்வெஸ்ட்டுகளை அனுப்பட்டும். இரண்டு பக்கமும் மறுமொழி நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சர்வர்தான் அப்படி இருக்கிறது. கூட்டம் அனுப்பும் பக்கம் 900 மில்லிநொடி, தனிப் பயனருக்கு 200 மில்லிநொடி என்றால் உங்கள் லோட் மெஷின்தான் திணறுகிறது.

திணறினால் என்ன செய்வது? மெஷினைக் கூட்டலாம், அது பணம். நான் செய்வது பயனர்களை இரண்டாகப் பிரிப்பது. பெரும் பகுதி, தொண்ணூறு சதவீதம் என்று வையுங்கள், ஹெட்டரைச் சரியாக அனுப்பும், சுருக்கிய ரெஸ்பான்ஸை முழுதாக வாங்கும், விரிக்காமல் எறிந்துவிடும். சர்வருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அது சுருக்க வேண்டியதைச் சுருக்கி அனுப்பியே ஆக வேண்டும். மீதிப் பத்து சதவீதம் வேறு மெஷினில் விரித்து, எல்லாச் சரிபார்ப்பையும் செய்யும். டோக்கனை எடுத்து அடுத்த ரெக்வெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஓட்டமாக இருந்தால், டோக்கன் வரும் அந்த ஒரு ரெஸ்பான்ஸை மட்டும் எல்லாப் பயனர்களும் விரித்துக்கொள்ளட்டும். சிபியு சுமை குறைந்து, அளவீடும் நம்பத்தக்கதாக இருக்கும்.

லோட் மெஷின் தாங்கவில்லை என்பதற்காக அக்செப்ட்-என்கோடிங் ஹெட்டரையே எடுத்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது சர்வரின் வேலையை மாற்றிவிடுகிறது.

சர்வர் பக்கம் முன்கூட்டிக் கேட்க வேண்டியவை

ஹெட்டர் சரி, கருவி சரி, இருந்தும் சுருக்கி வரவில்லை என்றால் பெரும்பாலும் சர்வரின் இயல்பு அமைப்புதான். எஞ்சின்எக்ஸில் ஜிஸிப்பைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. தனியாகப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அது ஹெச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்கும், ஜேசான் அப்படியே போகும். ஜாவா சர்வரான டாம்கேட்டில் சுருக்கம் இயல்பில் அணைந்தே இருக்கும், திறந்தாலும் 2048 பைட்டுக்குக் குறைந்த ரெஸ்பான்ஸ்களை விட்டுவிடும். ஸ்பிரிங் பூட்டிலும் அப்படித்தான். சின்ன ரெஸ்பான்ஸ் தரும் ஏபிஐயைச் சோதிக்கும்போது சுருக்கம் வராததைக் குறையாக எழுதிவிட வேண்டாம்.

சுருக்க அளவையும், அதாவது எவ்வளவு கடுமையாகச் சுருக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணையும், கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஸிப்பில் 1 முதல் 9 வரை, எஞ்சின்எக்ஸின் இயல்பு 1. ப்ரோட்லியில் 0 முதல் 11 வரை. 11 என்பது முன்கூட்டியே ஒருமுறை சுருக்கி வைக்கும், மாறாத கோப்புகளுக்கானது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புதிதாக உருவாகும் பக்கத்துக்கு அதை வைத்தால் சிபியு தரையில் உட்கார்ந்துவிடும். லோட் டெஸ்ட் செய்வதன் ஒரு நல்ல பயனே இதுதான்: ஒரே ஸ்கிரிப்ட்டை இரண்டு மூன்று அளவுகளில் ஓட்டி, எந்த இடத்தில் சேமிக்கும் பைட்டுகளைவிடச் செலவாகும் சிபியு அதிகமாகிறது என்று கண்டு சொல்லலாம். வேறு எந்தச் சோதனையிலும் இது தெரியாது.

நடுவில் சிடிஎன் அல்லது கேஷ் (பிரதியைச் சேமித்து வைத்துத் தருவது) இருந்தால், எந்த ஹெட்டரைப் பொறுத்துப் பிரதி மாறும் என்று சொல்லும் வேரி ஹெட்டரில் அக்செப்ட்-என்கோடிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறைக்கும் தனிப் பிரதியை கேஷ் வைத்திருக்கும், ஆகவே சோதனைக்கு முன் கேஷை ஜிஸிப்பில் நிரப்பிச் சூடேற்றிவிட்டு ப்ரோட்லியில் சுமை கொடுத்தால் முதல் அலை மொத்தமும் மூல சர்வரில் போய் இடிக்கும்.

சோதனைத் தரவு பற்றி இன்னொன்று. டேட்டாபேஸில் ஒரே பெயரையும் ஒரே முகவரியையும் பத்தாயிரம் முறை நிரப்பி வைத்திருந்தால் ரெஸ்பான்ஸ் உண்மைக்கு மாறாகச் சுருங்கும். டிஃப்ளேட் முறையில் அதிகபட்சமாக 1032-க்கு 1 வரை கூடச் சுருங்க முடியும். ஒவ்வொரு வரியிலும் சீரற்ற எழுத்துகளைக் கொட்டி வைத்தால் நேர்மாறு, சுருங்கவே மறுக்கும். தொடக்கத்தில் உண்மையான சர்வரிலிருந்து எடுத்த சுருக்க விகிதம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. சோதனைத் தரவின் விகிதம் அதற்கு அருகில் வரும்வரை தரவைத் திருத்துங்கள்.

விரிக்கும் நிரலை நீங்களே எழுதினால்

முதலில் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு விரியுங்கள். துண்டு துண்டாக அனுப்புவதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் வேறு, சுருக்கத்தைச் சொல்லும் கன்டென்ட்-என்கோடிங் வேறு. கன்டென்ட்-என்கோடிங்கில் இரண்டு முறைகள் வரிசையாக இருந்தால் கடைசியில் எழுதியதை முதலில் விரிக்க வேண்டும். விரித்த பிறகும் 31, 139 என்று தொடங்கினால் ஆப்பும் ஒருமுறை, முன்னால் நிற்கும் பிராக்ஸியும் (ரெக்வெஸ்ட்டை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் சர்வர்) ஒருமுறை சுருக்கியிருக்கிறது, சர்வர் குழுவிடம் சொல்லுங்கள்.

டிஃப்ளேட் என்ற பெயரில் ஒரு பழைய குழப்பம் உண்டு. விதிப்படி அது ஸீலிப் உறைக்குள் இருக்க வேண்டும், சில சர்வர்கள் உறை இல்லாமல் அனுப்பும். பைத்தானின் ஸீலிப் தொகுதியில் சாளர அளவை 15 என்று கொடுத்தால் உறையோடு உள்ளது, -15 என்றால் உறை இல்லாதது, 31 என்றால் ஜிஸிப், 47 என்றால் ஜிஸிப்பா ஸீலிப்பா என்று அதுவே கண்டுகொள்ளும். நான் முதலில் 47 கொடுத்து, தோற்றால் -15 முயல்வேன். ஒரே ரெஸ்பான்ஸில் பல ஜிஸிப் பகுதிகள் அடுத்தடுத்து வருவதும் முறையானதே, முதல் பகுதி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

சுமை ஏறியதும் மட்டும் வரும் பிழை

ஒரு பயனரில் எதுவும் இல்லை, ஐந்நூறு பயனரில் "எதிர்பாராத கோப்பு முடிவு" என்று ஒன்றிரண்டு பிழை. ஜேமீட்டரில் இதைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் ரிலாக்ஸ் மோட் அமைப்புகள் ஜிஸிப்புக்கும் டிஃப்ளேட்டுக்கும் தனித்தனியாக உண்டு, இயல்பில் இரண்டும் அணைந்திருக்கும். அவற்றைத் திறந்தால் பிழை மறையும், ஆகவே அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஜிஸிப்பின் கடைசி 8 பைட்டுகளில் சரிபார்ப்புத் தொகையும் மூல நீளமும் இருக்கின்றன. அவை வரவில்லை என்றால் பயனருக்கும் பக்கம் பாதியில் நின்றிருக்கும்.

அந்த ரெஸ்பான்ஸின் மூலப் பைட்டுகளை விரிக்காமல் கோப்பில் சேமியுங்கள். பாடியே இல்லாமல் ஜிஸிப் என்று ஹெட்டர் மட்டும் வந்திருந்தால் சர்வர் காலி ரெஸ்பான்ஸுக்கும் அந்த ஹெட்டரை ஒட்டுகிறது. அந்த ஒரு நிலையில் மட்டும் ரிலாக்ஸ் மோடைத் திறக்கலாம். பாடி இருந்து, துண்டுகளின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத் துண்டும் வந்து, ஜிஸிப்பின் கடைசிப் பைட்டுகள் மட்டும் இல்லை என்றால் ஆப், சுருக்கும் ஓடையை மூடாமலேயே ரெஸ்பான்ஸை முடித்திருக்கிறது. பூஜ்யத் துண்டே வரவில்லை என்றால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது, பிராக்ஸியின் காத்திருப்பு வரம்பையும் பின்னால் உள்ள சர்வரின் பதிவையும் அந்த நொடிக்குத் தேடுங்கள். சேமித்த கோப்பு, ரெக்வெஸ்ட் அடையாள எண், நேரம் மூன்றையும் சேர்த்துச் சர்வர் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் தேட வேண்டிய இடம் ஒன்றாகச் சுருங்கிவிடும்.